முதுகைக் காட்டாத அக்கா

எங்கள் துணிக்கடையில் மரியாதை தெரிந்த ஆள் யார் என்று கேட்டால், வாசலில் நிற்கும் காவலாளி முதல் உள்ளே உட்கார்ந்திருக்கும் முதலாளி வரை எல்லோரும் என் அக்காவைத்தான் கை காட்டுவார்கள். வாடிக்கையாளரிடம் பேசி முடித்ததும் மற்றவர்களைப் போல அவள் சட்டென்று திரும்பி நடந்துவிட மாட்டாள். முகத்தில் வைத்த சிரிப்பு கலையாமல், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, ஓர் அடி, இன்னோர் அடி என்று பின்னாலேயே போவாள். அலமாரி ஓரம் வந்ததும் பக்கவாட்டில் நழுவிக் காணாமல் போய்விடுவாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ பெரிய சபையிலிருந்து விடைபெற்றுப் போகிறவளைப் பார்த்தது போல இருக்கும்.

"எங்கேருந்து புடிச்சீங்க இந்தப் பொண்ணை? முதுகைக் காட்டாம போகுது பாருங்க! இந்தக் காலத்துல யாருக்குங்க இதெல்லாம் தெரியுது?" என்று ஊன்றுகோலோடு வரும் பெரியவர் ஒருவர் முதலாளியிடம் நெகிழ்ந்து போனார். அவர் வாங்க வந்தது ஒரு ஜோடி காலுறை. நெகிழ்ச்சியில் ஒரு போர்வையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

உண்மையில் அங்கே மரியாதையும் இல்லை, சபையும் இல்லை. கிளிப் இருந்தது.

அக்கா என்றால் என் சித்தி மகள். சின்ன உருவம். அவள் உச்சந்தலை என் தோளைத் தொடாது. நானே ஒன்றும் உயரமானவன் இல்லை. அவளுக்குத் தோள் குறுகல், மணிக்கட்டு பென்சில் கனம். இதில் நோய் ஒன்றும் கிடையாது. நன்றாகச் சாப்பிடுவாள், அரிசி மூட்டையை நகர்த்துவாள், சண்டை என்று வந்தால் தெருவே அடங்கிவிடும். ஆனால் இந்த உலகத்தில் துணி தைக்கிறவர்கள் யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை என்பது அவர்கள் தைத்த துணியைப் பார்த்தாலே தெரியும். கடையில் அவளைப் 'பொடிசு' என்பார்கள். அவளுக்கு இளையவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'பொடிசக்கா' என்பார்கள்.

எங்கள் வீடுகளில் துணி மேலிருந்து கீழே இறங்கும். அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு, அக்கா போட்ட பாவாடை தங்கைக்கு. எங்கள் தெருவிலிருந்து கல்லூரி வரை போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தக் கல்லூரிக்கே மூன்று பேர் போட்டு முடித்த சட்டையில்தான் போனேன். ஆனால் அக்கா வீட்டில் துணி மேல்நோக்கி ஏறும். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள், அப்பாவைப் போல வளர்கிறாள். அவளுக்குச் சின்னதாகிப்போன பேண்ட், மழைக்கோட்டு, செருப்பு எல்லாம் அம்மாவுக்கு வரும். அதையும் அவள் சும்மா கொடுப்பதில்லை.

"அம்மா, அந்த நீலப் பேண்ட்டைக் கறையாக்கிடாத. எனக்கு ரொம்பப் பிடிச்ச பேண்ட் அது."

"சரிங்க, பத்திரமா போட்டுக்கறேங்க," என்பாள் அக்கா.

வேன் ஓட்டும் அத்தான் இதைக் கேட்டுக்கொண்டே தட்டைக் கழுவுவார். "அடுத்த வருஷம் இவ உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய் விடப் போறா, பாரு."

கடைகளுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கிறாள். எல்லாக் கடையிலும் அவளுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "குழந்தைங்க செக்‌ஷன் மாடியில இருக்குங்க." மாடிக்குப் போனால் அங்கே நெஞ்சில் கரடி சிரிக்கும். கரடி இல்லாததைக் கேட்டால் வாத்து இருக்கும். இரண்டும் இல்லாததைக் கேட்டால், "சின்னப் பசங்களுக்கு இதுதான் மேடம் பிடிக்கும்," என்று விளக்குவார்கள். கல்யாண வயதில் அத்தானின் வீட்டார் பார்க்க வந்தபோது கூட அவள் போட்டிருந்த சட்டையின் நெஞ்சில் முதலில் ஒரு முயல் இருந்தது. நூலைப் பிரித்து எடுத்தபோது காது மட்டும் வரவில்லை. அந்தக் காதைப் பூ என்று நினைத்துத்தான் சம்மதித்தேன் என்று அத்தான் இன்றைக்கும் சொல்வார்.

சரி, இப்படிப்பட்டவள் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா? அப்படித்தான் நாங்களும் நினைத்தோம். கடலில் நிற்கிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது என்பதை யோசிக்கவில்லை.

எங்கள் கடையில் ஊழியர்களுக்கென்று தனிச் சீருடை கிடையாது. அலமாரியில் விற்பனைக்கு இருக்கும் சட்டையையும் பேண்ட்டையுமே எடுத்துக் கொடுப்பார்கள். விலைச்சீட்டைக் கழற்றக் கூடாது. உள்பக்கம் மடித்துவிட்டுக்கொள்ள வேண்டும். அது கழுத்தையும் இடுப்பையும் நாளெல்லாம் சுரண்டிக்கொண்டே இருக்கும். சில வாரம் கழித்து அந்தத் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தள்ளுபடி மேசையில் 'கை படாத புதுச் சரக்கு' என்ற பலகைக்குக் கீழே அடுக்கிவிடுவார்கள். கை படவில்லை என்பது ஒரு வகையில் நிஜம்தான். அக்காவின் கை அந்தச் சட்டைக் கையின் முனை வரை போய்ச் சேர்ந்ததே இல்லை.

ஆகவே வெட்டக் கூடாது, மடித்துத் தைக்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. "கத்திரி பட்டா சரக்கு செத்துப் போச்சு," என்பார் முதலாளி. சின்ன அளவு ஏன் வாங்குவதில்லை என்பதற்கும் அவரிடம் பதில் உண்டு. "சின்ன அளவை வாங்கி வச்சா பெரிய ஆளு போட முடியாது. பெரிய அளவை வாங்கி வச்சா சின்ன ஆளும் போட்டுக்கலாம். எது லாபம்?" நான் வணிகவியல் படித்தவன். இந்தக் கேள்விக்கு எங்கள் பேராசிரியர்கள் யாரும் பதில் சொல்லித்தரவில்லை.

அக்காவுக்கு வழி காட்டியது கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைதான். கடைப் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த அழகிகளுக்கும் எங்கள் கடைத் துணி பொருந்தாது. தொளதொளவென்று தொங்கும். அதனால் முதுகுப் பக்கம் துணியை அள்ளிப் பிடித்து இரும்புக் கிளிப் மாட்டி இறுக்குவார்கள். தெருவிலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஆணி அடித்த பலகை. ஒரு நாள் பொம்மைக்கு மாட்டியது போக மிச்சமிருந்த கிளிப்பைத் தன் முதுகுக்கும் மாட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் முதல் முறையாகத் தோள் தோளிலும் இடுப்பு இடுப்பிலும் இருந்தது. துணிக்குக் காயம் இல்லை. முதலாளிக்கு நஷ்டம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். யாருக்கும் முதுகைக் காட்டக் கூடாது.

அந்தக் கலையின் பலனை நானும் அனுபவித்திருக்கிறேன். என் பட்டமளிப்பு விழாவில் கொடுத்த கறுப்பு அங்கிக்குள் நானும் இன்னொரு பட்டதாரியும் சேர்ந்து நின்று பட்டம் வாங்கியிருக்கலாம். படம் எடுக்கும் முன் அக்கா பையிலிருந்து கிளிப்பை எடுத்து என் முதுகை இறுக்கினாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், "அங்கி உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்குடா," என்பார்கள். அம்மா பெருமையோடு, "அளவெடுத்துட்டுப் போய்த்தான் தைச்சாங்க," என்பாள். நான் மறுத்ததில்லை.

பெரியவரின் நெகிழ்ச்சி முதலாளியை யோசிக்க வைத்தது. முதலாளி யோசித்தால் மேனேஜர் விதி போடுவார். மேனேஜருக்கு விதி என்றால் உயிர். மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதற்கே அவரிடம் ஒரு விதி உண்டு. மறுநாள் காலை எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே யாரும் வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டக் கூடாது. பொடிசு எப்படிப் போறாங்களோ அப்படியே போகணும். பொடிசு, ஒரு தடவை நடந்து காட்டும்மா."

அக்கா நடந்து காட்டினாள். பிறகு கடையே பின்னால் நடக்கத் தொடங்கியது. ஆண்கள் பிரிவு ஆள் காலுறைக் கூடைக்குள் உட்கார்ந்தார். பில் போடும் பெண்ணும் திரைச்சீலை விற்கிறவரும் நடுக்கூடத்தில் முதுகோடு முதுகு மோதிக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் திட்டிக்கொள்ள முடியாமல் சிரித்தபடியே பல்லைக் கடித்தார்கள். ஏணியிலிருந்து இறங்குகிறவர் மட்டும் எப்படி இறங்குவது என்று சந்தேகம் கேட்டார். பார்த்துச் சொல்வதாக மேனேஜர் சொன்னார்.

"எல்லாம் உன்னாலதான் பொடிசக்கா," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள் பில் போடும் பெண். "உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு இந்த அதிகப்பிரசங்கி மரியாதை?"

"எங்க வீட்டு வளர்ப்பு அப்படி," என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போய்விட்டாள் அக்கா.

இந்தச் சமயத்தில்தான் பெண்கள் ஆயத்த ஆடைப் பிரிவின் இன்சார்ஜ் அம்மா, மகன் இருக்கும் ஊருக்குப் போவதாகச் சொல்லி வேலையை விட்டார். அந்த இடத்துக்கு யார் என்பதுதான் கடை முழுக்கப் பேச்சு. மற்றவர்களுக்கு அந்தப் பதவியில் சுழல் நாற்காலி தெரிந்தது. அக்காவுக்குத் தெரிந்தது வேறு. எந்த அளவில் எவ்வளவு துணி வாங்குவது என்று ஏஜென்ட்டிடம் சொல்கிற ஆள் அந்த இன்சார்ஜ்தான்.

சரக்கறையில் நான் சட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் பட்டத்துக்கு இந்தக் கடை தந்த வேலை அது, கோணாமல் ஒட்டுவேன். அக்கா வந்து அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். சரக்கறையில் மட்டும்தான் அவளுக்கு முதுகைப் பற்றிக் கவலை இல்லை.

"டேய், அந்த வேலை எனக்குக் கெடச்சா முதல்ல என்ன செய்வேன் தெரியுமா?"

"நாற்காலியில ஏறி உக்காருவ. கால் தரைக்கு எட்டாது."

"உதை வாங்குவ. சின்ன அளவுல ஒரு கட்டு வரவழைப்பேன். கரடி இல்லாம, வாத்து இல்லாம. அதுல ஒரு சட்டையை எடுத்துப் போட்டுட்டு, நம்ம நடுக்கூடத்துக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிட்டு நிப்பேன். எவன் வேணா பாத்துக்கட்டும்."

"கிளிப் விஷயம் முதலாளிக்குத் தெரிஞ்சா?"

கடை வாசலில் பெரிய எழுத்தில் 'இங்கே எல்லாருக்கும் பொருந்தும்' என்று பலகை தொங்குகிறது. அந்தப் பலகைக்குக் கீழே நிற்கிற ஊழியருக்கே பொருந்தவில்லை, அதையும் மறைத்து மரியாதைக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் பதவி இருக்கட்டும், வேலையே நிற்குமா என்பது சந்தேகம்தான்.

"தெரிஞ்சா, மறுபடியும் மாடிக்குத்தான். குழந்தைங்க செக்‌ஷனுக்கு," என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் பெட்டியிலிருந்து இறங்கும்போது முதுகில் இருந்த கிளிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கடையின் ஆண்டு விழாவில் இரண்டு அறிவிப்பு என்றார் மேனேஜர். ஒன்று, புது இன்சார்ஜ் யார் என்பது. அநேகமாக மரியாதை தெரிந்த ஆளுக்குத்தான். இரண்டாவது, முதலாளியின் புதுத் திட்டம். அளவுத் தொல்லையே வேண்டாம் என்று அவர் ஒரே அளவில் நீள கவுன் மொத்தமாக வாங்கி இறக்கியிருந்தார். ஃப்ரீ சைஸ். "இனிமே சின்னது பெரிசுங்கிற பேச்சே கிடையாது. ஒரே அளவு, எல்லாருக்கும் பொருந்தும்." அதை நிரூபிக்க மேடையில் இரண்டு பேர் அதைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கடையிலேயே சின்ன ஆள் என்பதால் அக்கா. இன்னொருவர் முதலாளியம்மா. அவர் நல்ல ஓங்குதாங்கான உடம்புக்காரர். கடைப் பக்கம் அதிகம் வர மாட்டார். வந்தாலும் பெரிய ஷால் ஒன்றைப் போர்த்திக்கொண்டு காரிலிருந்து இறங்கி, அதே ஷாலோடு காருக்குப் போய்விடுவார்.

விழா நாள் காலையில் அக்கா வீட்டில் கவுனைப் போட்டுப் பார்த்தாள். அதற்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது.

"அம்மா எங்கே?" என்று மகள் கவுனைச் சுற்றி வந்தாள்.

"இதோ இருக்கேன்டி. போய் அந்தக் கிளிப் டப்பாவை எடுத்துட்டு வா."

டப்பா காலி. விழாவுக்காகக் கடைப் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் ஃப்ரீ சைஸ் போட்டிருந்தார்கள். இருந்த இரும்புக் கிளிப் முழுக்க அவற்றின் முதுகில் இருந்தது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கவுன் தரையில் உட்கார்ந்தது. அத்தான் கொல்லைப்புறம் போய், கொடியில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா.

"மேடம், திரும்புங்க," என்று அவர் ஆரம்பித்தார். வண்டியில் சரக்கு கட்டுகிற ஆள் அல்லவா, இழுத்துப் பிடித்து நன்றாகவே மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் அக்கா பத்திரிகை அட்டையில் வருகிறவள் மாதிரி இருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் முதுகு முழுக்கக் கிளி உட்கார்ந்திருந்தது.

"அழகா இருக்கும்மா," என்றாள் மகள், பின்னால் நின்றுகொண்டு.

"வாயை மூடு. முன்னாடி வந்து சொல்லு."

விழா கடையின் மேல்மாடிக் கூடத்தில். பலகை அடித்த மேடை. எதிரே வாடிக்கையாளர்கள், ஊழியர்கள். ஊன்றுகோல் பெரியவர் முதல் வரிசையில். மேடையின் பின்பக்கம் முதலாளி பேசுவதற்கு மைக்கும், பக்கத்தில் மேனேஜருக்கு ஒரு நாற்காலியும். இரண்டு பெண்களும் மேடையின் முன்னால் வந்து கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இத்தனை நாள் அவளுக்கு ஒரு பக்கம்தான் ஆள் இருந்தார்கள். இங்கே முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். பின்னால் இருப்பதோ முதலாளி.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அங்கே பரிசுப் பொட்டலங்களுக்குக் காவலாக என்னை வைத்திருந்தார்கள். அக்கா உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு முதலாளியம்மா நின்றார். அதே கவுன். இன்றைக்கு ஷால் இல்லை. கவுன் மறைந்துவிடும் என்று முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாராம். அக்காவும் மெல்ல நகர்ந்து இந்தப் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே மைக்கில் மேனேஜரின் குரல் கேட்டது: "இப்போது, ஒரே அளவு! இரண்டு பேர்!"

"போம்மா, கூப்பிடறாங்க," என்றார் முதலாளியம்மா.

"நீங்க முன்னாடி போங்கம்மா. நான் பின்னாலேயே வர்றேன்."

"இல்ல இல்ல, நீ போ. நீதான் இந்தக் கடைக்கு உழைக்கிற பொண்ணு."

"முதலாளியம்மாவுக்கு முன்னாடி நான் போறதா? எங்க வீட்டு வளர்ப்பு அப்படி இல்லம்மா."

"உன் மரியாதையைப் பத்தி அவர் நிறையச் சொல்லியிருக்காரு. அதுக்காகச் சொல்றேன், போ."

"ஐயோ, நீங்க போங்கம்மா."

மைக் மறுபடி கூப்பிட்டது. இரண்டு பேரும் சுவரிலிருந்து அசையவில்லை. முதலாளியம்மாவின் முகத்தில் வியர்வை துளிர்த்திருந்தது. அவர் அக்காவைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எதுக்குச் சுவத்துலேயே ஒட்டிட்டு நிக்கிற?"

"நீங்க எதுக்கும்மா நிக்கிறீங்க?"

பிறகு முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு." நான் பொட்டலங்களைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அந்த நேரத்தில் அந்த அறையில் தைரியமாக முதுகைக் காட்டிய ஒரே ஆள் நான்தான். அதனால் அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

"நான் மூணு சொல்வேன். ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பணும். ஏமாத்தக் கூடாது."

"சரிம்மா."

மூன்று சொன்னார். கவுன்கள் சரசரத்தன. அப்புறம் ஒரு விக்கல் மாதிரி சத்தம். அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"என்னம்மா இது, கொடியைக் கழட்டி அப்படியே மாட்டிட்டு வந்துட்டியா?"

"உங்களுது ஜிப்பே போடலையேம்மா!"

"போட்டாத்தானே? பாதி வரைக்கும் வந்துட்டு நின்னுடுச்சு. வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாங்க. ஊக்கு மாட்டியிருக்கேன். மூச்சு விட்டா போச்சு." முதலாளியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். "இத்தனை வருஷமா எதுக்கு ஷால் போர்த்தறேன்னு நினைச்ச? குளிருக்கா?"

பிறகு அக்காவின் குரல் கேட்டது. அது கொஞ்சம் கலங்கியிருந்தது. "அம்மா, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. இந்த இன்சார்ஜ் வேலையை நான் ரொம்ப நம்பிட்டிருக்கேன்."

"எதுக்கு, சம்பளத்துக்கா?"

"அதுவும்தான். ஆனா, அளவு வாங்கறது அவங்கதானேம்மா. எனக்கு ஒரு சட்டையாவது ஒழுங்கா வேணும். பின்னாடியும் சட்டையா இருக்கற சட்டை."

முதலாளியம்மா கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். "உன் கிளிப்புல மாட்டியிருக்கிற துணியை வெட்டி என் ஜிப்புல வச்சா ரெண்டு பேருக்கும் சரியாப் போயிருக்கும். அதுக்கு ஒரு கத்திரி போதும். அந்தக் கத்திரியைத்தான் அந்த மனுஷன் தொட விட மாட்டேங்கிறாரு." பிறகு குரல் மாறியது. "வா. சேர்ந்தே போகலாம். முன்னால இருக்கிறவங்க முன்பக்கத்தைப் பாக்கட்டும். பின்னால இருக்கிறவர் பின்பக்கத்தைப் பாக்கட்டும்."

நான் திரும்பியபோது இருவரும் கைகோத்துக்கொண்டு மேடையில் பக்கவாட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போய்க் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். கூட்டம் கை தட்டியது. ஒருவர் உயரம், ஒருவர் குட்டை, ஒரே கவுன், இருவருக்கும் அளவெடுத்துத் தைத்தது போல. ஊன்றுகோல் பெரியவர் ஊன்றுகோலைத் தரையில் தட்டிப் பாராட்டினார்.

பின்னால் மைக்கைப் பிடித்திருந்த முதலாளி கையில் இருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "பெரியோர்களே, இந்த ரெண்டு பேரையும் பாருங்க! ஒரே அளவு! இனிமே எங்க கடையில ஒரே அளவுதான்! அது எல்லாருக்கும்..."

இங்கே தலை நிமிர்ந்தார்.

அவர் எதிரே ஒரு முதுகில் பல நிறத்துக் கிளிப் வரிசை. இன்னொரு முதுகில் அகலத் திறந்த ஜிப், நடுவில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒற்றை ஊக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். இதற்கு அவரிடம் விதி இல்லை.

மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கூட்டம் காத்திருந்தது. முதலாளியம்மா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்: "நிறுத்தாதீங்க. சொல்லுங்க. எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்..." முதலாளி கையில் இருந்த தாளை மடித்தார். "எல்லாருக்கும் பொருந்தணும்னு நாங்க ரொம்ப ஆசைப்படறோம்."

கூட்டம் பலமாகக் கை தட்டியது. இவ்வளவு அடக்கமாகப் பேசும் வியாபாரியை அவர்கள் பார்த்ததில்லை.

"புது இன்சார்ஜ் யாருன்னு சொல்லுங்க," என்றார் முதலாளியம்மா, இன்னும் திரும்பாமல். "இல்லேன்னா நான் இப்பவே உங்க பக்கம் திரும்பி உங்களைக் கும்பிடப் போறேன்."

அவர் திரும்பினால் கூட்டத்துக்கு எது தெரியும் என்பதை முதலாளி உடனே கணக்குப் போட்டார். வியாபாரி அல்லவா. அக்காவின் பதவியை மைக்கில் இரண்டு தடவை சொன்னார். பூங்கொத்தைத் தாமே கொண்டுவந்து, அவளை ஓர் அங்குலம்கூடத் திரும்ப விடாமல், முன்பக்கமாக வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே போனார். அவர் கடையின் விதி என்று கூட்டம் அதற்கும் கை தட்டியது.

அதற்குப் பிறகு வந்த ஏஜென்ட் சாம்பிள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "சின்ன அளவுக்குக் கிராக்கியே இல்லீங்க," என்றார். அக்கா சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டவில்லைதான்.

"கிராக்கி எல்லாம் மாடியில கரடிச் சட்டையைக் கையில வச்சுட்டு நிக்குது. வந்து பாருங்க, காட்டறேன்."

நிஜமாகவே நின்றது. யாரோ ஒருவரின் அம்மா என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பல பெண்கள், குழந்தைக்கு என்று சொல்லித் தங்களுக்கே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வங்கி அதிகாரி, கோட்டுக்குள் வாத்து. பெரிய அளவிலும் ஒரு கட்டு வந்தது. அதில் முதல் துணி முதலாளியம்மாவின் காரில் போனது. அன்றிலிருந்து ஷால் வரவில்லை. ஃப்ரீ சைஸ் கவுன்கள் தள்ளுபடி மேசைக்குப் போய், அங்கும் விற்காமல், இப்போது ட்ரையல் ரூம்களுக்குத் திரைச்சீலையாகத் தொங்குகின்றன. அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துகின்றன.

பின்னால் நடக்கும் விதி மட்டும் போகவில்லை. அது எதற்காக வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அது கடையின் பெருமை. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காலுறைக் கூடையைச் சுற்றி மேனேஜர் பயிற்சி கொடுக்கிறார்.

சின்ன அளவுக் கட்டு வந்த அன்றைக்கு அக்கா ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தாள். ஊழியருக்கான துணியாக இல்லை, தனக்கென்று வாங்கினாள். விலைச்சீட்டைக் கத்திரியால் வெட்டிக் குப்பையில் போட்டாள். போட்டுக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தாள். ஊன்றுகோல் பெரியவர் காலுறை வாங்க வந்திருந்தார். அவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்து, வணக்கம் சொல்லி, முழுசாகத் திரும்பி, நேராக நடந்து போனாள். கண்ணாடியைத் தாண்டும்போது தோளுக்கு மேலே அதில் தன் முதுகை எட்டிப் பார்த்துக்கொண்டாள். தையல் தோளிலிருந்து இடுப்புக்கு ஒரே கோடாக இறங்கியிருந்தது. திருப்தியாகாமல் திரும்பி வந்து, இன்னொரு தடவை நடந்து போனாள்.

சாயங்காலம் மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பெரியவர் ரொம்ப வருத்தப்பட்டுட்டுப் போறாரு. பதவி வந்ததும் பொண்ணுக்கு மரியாதை போயிடுச்சு, முதுகைக் காட்டிட்டுப் போறாங்கறாரு. நீங்க ஆரம்பிச்ச பழக்கத்தை நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பாத்துட்டாரா?"

"பாத்தாராம். ரெண்டு தடவை."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் சுழற்றினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"எப்படி இருந்துச்சாம்?"